நிறுத்தியதும் நிறுத்தாததும்

ஒரே குழாயில் இரண்டு கருவிகள் இருந்து, இரண்டும் வெவ்வேறு எண்ணைக் காட்டினால் எதை நம்புவது என்று உங்களில் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். பாடத்தில் இதற்குப் பதில் உண்டு. மூன்றாவதாக ஒரு நம்பகமான கருவியைக் கொண்டுவந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். சரியான பதில்தான். ஆனால் ஒப்பிட்டு முடிக்கும்வரை ஆலை ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதைப் பாடம் சொல்வதில்லை. அதை யாரோ ஒருவர் நின்ற இடத்தில் முடிவுசெய்தாக வேண்டும். வித்தியாசத்தை முதலில் பார்ப்பவர் கருவிகளைக் கவனிப்பவர் என்பதால், பெரும்பாலும் அந்த ஒருவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பேட்டையைத் தாண்டி மேற்கே, வாழைத் தோட்டங்களை ஒட்டி, ஒரு தனியார் பால் ஆலை இருந்தது. இப்போது அது சிமென்ட் மூட்டை அடுக்கும் கிட்டங்கி. அப்போது சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கேன்களில் பால் வரும். அதைச் சூடாக்கி, குளிர்வித்து, பாக்கெட்டில் அடைத்து, டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் கடைகளுக்கு அனுப்புவோம். நான் அங்கே இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்து பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஆலையில் கருவிகளைப் பார்க்க என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

பாலைப் பதப்படுத்தும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலை எழுபத்திரண்டு டிகிரிக்குச் சூடாக்கி ஒரு நீண்ட வளைகுழாய் வழியே ஓடவிட வேண்டும். அந்தக் குழாயைக் கடக்கும் நேரத்தில் நோய்க்கிருமிகள் செத்துவிடும். குழாயின் முடிவில் ஒரு சென்சார் இருக்கும். சூடு குறைந்தால் அது ஒரு வால்வைத் திருப்பிவிடும். பால் முன்னே போகாமல் ஆரம்பத் தொட்டிக்கே திரும்பி வந்து மறுபடி சூடாகும். சென்சாருக்குப் பக்கத்திலேயே உலோக உறைக்குள் ஒரு பாதரச வெப்பமானியும் உண்டு. சென்சார் வால்வுக்காக, வெப்பமானி மனிதக் கண்ணுக்காக. நடைமுறையில் அந்த வெப்பமானியை யாரும் பார்ப்பதில்லை. பேனலில் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டே போகும் ரெக்கார்டரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலை. ஆண்டிலேயே அதிகமாகப் பால் போகும் நாள் அது. ஒரு கசியும் குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் தற்செயலாக அந்த வெப்பமானியைப் பார்த்தேன். அறுபத்தாறு காட்டியது. துணியால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். அறுபத்தாறுதான். பேனலுக்குப் போனேன். ரெக்கார்டரில் எழுபத்து மூன்று. வால்வு முன்பக்கமாகத் திறந்திருந்தது. பாக்கெட் இயந்திரங்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

ரெக்கார்டர் சரியென்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. வெப்பமானி சரியென்றால், அரைகுறையாகச் சூடான பால் பாக்கெட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. எது சரியென்று எனக்குத் தெரியவில்லை.

ஆய்வகத்துக்குப் போய்க் கோமதி மேடத்தைக் கூப்பிட்டேன். ஆய்வகம் முழுக்க அவர் பொறுப்பு. வேதியியலில் முதுகலை படித்தவர், டவுனில் ஒரு தலைமை ஆசிரியரின் மகள். அதிகம் பேச மாட்டார். வந்து இரண்டையும் பார்த்தார்.

"எது சரின்னு உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியல மேடம்."

"அப்ப நிறுத்திருங்க. நான் சாம்பிள் எடுக்கேன்."

பேனலில் கைச்சாவியைத் திருப்பினேன். வால்வு மாறியது. பால் தொட்டிக்குத் திரும்பத் தொடங்கியது. சற்று நேரத்தில் பாக்கெட் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கூடத்தின் இரைச்சலுக்குப் பழகியவர்களுக்கு அது நிற்பதுதான் பெரிய சத்தம். மேனேஜர் அறைக் கதவு திறந்தது.

மேனேஜர் சங்கரலிங்கம் சார் கேன் கழுவும் வேலையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். வண்டிகளை நேரத்துக்கு அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மழையோ வெள்ளமோ, கடைக்காரன் கதவைத் திறக்கும்போது பால் அங்கே இருக்க வேண்டும் என்பார். அதைச் செய்தும் காட்டுவார்.

"யாருவே நிறுத்துனது?"

"நான்தான் சார்."

"ரெக்கார்டர் என்ன காட்டுது?"

"எழுபத்தி மூணு."

"பொறவு என்ன எளவுக்குவே நிறுத்துனீரு?"

"கண்ணாடி அறுபத்தாறு காட்டுது சார். ரெண்டுல எது பொய் சொல்லுதுன்னு தெரியல."

"தெரியலல்லா? தெரியாம எப்படி நிறுத்தலாம்?"

"தெரியாததுனாலதான் சார் நிறுத்துனேன்."

அவர் முகம் சிவந்தது. "இங்க பாரும். வாங்குதவன் எல்லாம் வீட்டுல காய்ச்சித்தான் குடிக்கான். கொஞ்சம் சூடு கொறஞ்சா குடியா முழுகிரும்?"

அதற்குப் பதில் சொன்னது கோமதி மேடம். "ரோஸ் மில்க் போடுதவன் காய்ச்சுதானா சார்? ஜங்ஷன்ல எத்தன கடை இருக்கு. ரெண்டு மணி நேரம் குடுங்க. டெஸ்ட் போட்டு எழுதித் தாரேன்."

பாலில் இயற்கையாக இருக்கும் ஒரு பொருள் சரியான சூட்டில் அழிந்துவிடும். அழிந்ததா இல்லையா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. மஞ்சள் நிறம் வந்தால் பால் சரியாகச் சூடாகவில்லை என்று அர்த்தம். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும்.

"ரெண்டு மணி நேரமா? அதுக்குள்ள கடைக்காரன் பூரா வேற பால வாங்கிப் போட்டுருவாம்மா." என்னைப் பார்த்தார். "திருப்பி விடும்வே வால்வ."

"என்னால முடியாது சார். நீங்களே திருப்பி விடுங்க."

அவர் பேனலுக்கு முன்னால் போய் நின்றார். கைச்சாவி அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவரை யாரும் தடுக்கவில்லை. சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, வெளியே போய், வரிசையில் நின்ற வண்டி டிரைவர்களிடம் காத்திருக்கச் சொன்னார்.

நான் சென்சாரைக் கழற்றினேன். வெப்பமானியையும் உறையோடு கழற்றினேன். ஒரு வாளி வெந்நீரில் இரண்டையும் வைத்து, ஆய்வகத்தில் பத்திரமாக வைத்திருந்த அளவு சரிபார்க்கப்பட்ட வெப்பமானியையும் கூட வைத்தேன். சென்சார் சரியாக இருந்தது. பொய் சொன்னது கண்ணாடிதான். உறையைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. பாதரசத் தண்டிலிருந்து ஒரு துளி பிரிந்து குழலின் உச்சியில், உறையின் மூடி மறைக்கும் இடத்தில், ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே போன அளவுக்குக் கீழே தண்டு குட்டையாகிவிட்டது. கழுவும்போது யாரோ இடித்திருக்கலாம்.

கோமதி மேடத்தின் சோதனைக் குழாயிலும் மஞ்சள் வரவில்லை. பால் நல்ல பால்.

வண்டிகள் புறப்பட்டபோது வெயில் ஏறியிருந்தது. மேனேஜர் சொன்னபடியே கடைக்காரர்கள் வேறு பாலை வாங்கிப் போட்டிருந்தார்கள். ஏஜெண்டுகளின் பெட்டிகளில் கிடந்து நிறையப் பாக்கெட்டுகள் திரிந்து திரும்பி வந்தன. இரண்டு பெரிய ஹோட்டல்கள் அன்றோடு எங்களை விட்டுப் போனவை, பிறகு வரவே இல்லை.

இப்படிப்பட்ட கதைகளில் நிறுத்தியவன் செய்தது சரி என்று கடைசியில் நிரூபணமாகும். எனக்கு அப்படி ஆகவில்லை. நான் நிறுத்தியிருக்காவிட்டாலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியிருந்தும் அதே நிலையில் இன்று நின்றாலும் நிறுத்தவே செய்வேன். வாளியில் வெந்நீர் ஊற்றிய பிறகு தெரிந்த விஷயம், சாவியைத் திருப்பும்போது எனக்குத் தெரியாது. கண்ணாடியை நம்பி ஏமாந்தால் பால் போகும். ரெக்கார்டரை நம்பி ஏமாந்திருந்தால் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை நோயில் படுத்திருக்கும். எந்த ஏமாற்றத்தைத் தாங்க முடியும் என்று பார்த்துத்தான் அந்த நேரத்தில் முடிவெடுக்க முடியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நான் உங்களிடம் பேச வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

பொங்கல் விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் கூடியிருக்கும் வாசலில் மேனேஜர் என்னை நிறுத்தினார்.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க. நம்ம டாக்டரு வந்திருக்காரு. நல்லா இருக்க பாலுக்குக் காய்ச்சல் பாத்தவரு."

சிலர் சிரித்தார்கள். "இன்னையிலருந்து அண்ணாச்சி கேன் மேடையில நிப்பாரு. பேனல் பக்கம் நான் கூப்பிட்டாத்தான் வரணும்."

அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. மேனேஜரின் அனுமதி இல்லாமல் எந்த இயந்திரத்தையும் யாரும் நிறுத்தக்கூடாது, மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. கோமதி மேடம் முதலாளியிடம் போய் முறையிட்டார். "மேனேஜர் பாத்துக்கிடுவாரும்மா, நீங்க லேபப் பாருங்க" என்று பதில் வந்தது.

பங்குனி வரைக்கும் நான் கேன் மேடையில் நின்றேன். லாரியிலிருந்து கேன்களை இறக்கி, மூடியைத் திறந்து, தராசுக்கு உருட்டிவிடும் வேலை. யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. மூடியைத் திறக்கும்போது, "அண்ணாச்சி, பாலுக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாருங்க" என்று யாராவது சொல்வார்கள். சிரித்துவிட்டுப் போவார்கள். கேலிதான். ஆனால் ஆலையில் வேலை செய்த ஒவ்வொருவரும் தினமும் அந்த மேடையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும் என்பதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

அந்த நாட்களில் என்னோடு வந்து டீ குடிப்பவர் மைதீன் பாய். மேலப்பாளையத்துக்காரர், என் வயது. அவர் அப்பா தறி நெய்தவர். இவர் குளிர்சாதன வேலை கற்றுக்கொண்டு அம்மோனியா அறையில் ஆபரேட்டராக இருந்தார்.

"உங்களுக்கு இது தேவையா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டார். "ஓடுதது ஓடட்டும்னு விட்டுட்டுப் போயிருந்தா இன்னைக்கு இங்கன நிப்பீங்களா?"

நான் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தேன். அவர் கேட்டது பதிலுக்கான கேள்வி இல்லை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

சித்திரை வந்தது. எனக்குப் பேனல் வேலை திரும்பக் கிடைத்திருந்தது. மேனேஜர் மனம் மாறியதால் அல்ல. வெயில் காலத்தில் கருவிகள் அடிக்கடி தொந்தரவு தரும், பார்க்க வேறு ஆள் இல்லை.

பால் ஆலையில் குளிரூட்டுவது அம்மோனியா. அதன் கம்ப்ரசருக்குள் ஆவி மட்டுமே போக வேண்டும். ஆவியை அழுத்தலாம். திரவத்தை அழுத்த முடியாது. திரவம் உள்ளே போனால் கம்ப்ரசரின் தலையே உடைந்துவிடும். அது போகாமல் தடுக்க, வழியில் ஒரு பெரிய கலம் உண்டு. திரவம் அதில் தங்கிவிடும், ஆவி மட்டும் மேலே போகும். கலத்தில் திரவம் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு மிதவை பார்த்துப் பேனலுக்குச் சொல்லும். அளவு மீறினால் கம்ப்ரசரைத் தானாகவே நிறுத்தவும் செய்யும்.

இயந்திரத்தோடு பழகியவர்களுக்கு இன்னொரு அடையாளமும் தெரியும். கம்ப்ரசருக்கு வரும் குழாயின் மேல் வெள்ளையாக ஐஸ் படிந்திருக்கும். வழக்கமாக அது ஒரு வளைவோடு நின்றுவிடும். அதைத் தாண்டிக் கம்ப்ரசரின் உடம்பிலேயே ஐஸ் படிந்தால், திரவம் வருகிறது என்று அர்த்தம்.

அன்று பகலில் மைதீன் பாய் அதைத்தான் பார்த்தார். ஐஸ் வளைவைத் தாண்டி மெல்ல மெல்லக் கம்ப்ரசர் மேல் ஏறிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் சத்தமும் மாறியிருந்தது. பேனலில் கலத்தின் அளவு நார்மல் என்றே காட்டியது. பேனலை விரலால் தட்டிப் பார்த்தார். நார்மல். இரண்டு சாட்சிகள், இரண்டு சொல்.

நிறுத்தும் பொத்தான் அவருக்கு எதிரே இருந்தது. அவர் போனை எடுத்தார். மேனேஜர் அறையில் யாரும் இல்லை. மேனேஜர் பாளையங்கோட்டையில் முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். மைதீன் பாய் அங்கே போன் செய்தார். எடுத்தவர், "சார் முதலாளிகிட்டப் பேசிட்டு இருக்காரு, முடிஞ்சதும் சொல்லுதேன்" என்றார். போனை வைத்துவிட்டு, அது மறுபடி அடிக்கும் என்று இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே காத்து நின்றார்.

நான் பாயிலர் அறைக்கு வெளியே இருந்தேன். இரும்புக் கதவில் பாறாங்கல்லை எறிந்தது போல ஒரு சத்தம். அடுத்த மூச்சிலேயே மூக்கும் கண்ணும் எரிந்தன. அம்மோனியா அறையின் வாசல் வழியாக வெள்ளைப் புகை தரையை ஒட்டி வந்துகொண்டிருந்தது.

பாக்கெட் கூடத்தில் வேலை செய்தவர்கள் எல்லாம் பெண்கள். அவர்கள் வழக்கமாகப் போகும் வழியாக, கேட்டை நோக்கி, ஓட ஆரம்பித்தார்கள். காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. புகை போய்க்கொண்டிருந்ததும் கேட்டை நோக்கித்தான். கோமதி மேடம் ஆய்வகத்திலிருந்து ஓடிவந்து கூடத்து வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"இந்தப் பக்கம் போகாதீங்க! பின்வாசலுக்கு ஓடுங்க! வாழைக்குள்ள போங்க!"

"வெளிய விடுங்கம்மா! மூச்சு முட்டுது!"

"வெளியதான் புகை போகுது! காத்தப் பாருங்க! பின்னால போங்க!"

முதலில் வந்த பெண் அவரைத் தள்ளிவிட்டுப் போகப் பார்த்தார். கோமதி மேடம் அவருடைய தோளைப் பிடித்துத் திருப்பி விட்டார். அவர் திரும்பியதும் பின்னால் வந்தவர்களும் திரும்பினார்கள். பின்வாசல் வழியாக வாய்க்காலில் இறங்கி ஏறி எல்லோரும் வாழைத் தோட்டத்துக்குள் போய்விட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பல ஆண்டுகள் கழித்தும் எனக்கு ஆச்சரியமாக இருப்பது, அந்த நேரத்தில் அவர் காற்றைப் பார்த்தார் என்பது.

நான் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு அம்மோனியா அறை வாசலுக்கு ஓடினேன். அம்மோனியா தண்ணீரில் கரையும். முகமூடி எங்கே என்று யாரோ கத்தினார்கள். அது அறைக்கு உள்ளே சுவரில் மாட்டியிருந்தது. இன்றைக்கும் எந்த ஆலைக்குப் போனாலும் முகமூடி எங்கே மாட்டியிருக்கிறது என்றுதான் முதலில் பாருங்கள்.

மைதீன் பாய் வெளியே வரவில்லை. ஓடியிருக்கலாம், வாசல் பக்கத்தில்தான் இருந்தார். திரவம் வரும் பெரிய வால்வை மூடாவிட்டால் அம்மோனியாத் தொட்டியில் இருப்பது முழுவதும் வெளியே வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். தோளில் கிடந்த துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தார். வாசலில் நின்று அவர் இருந்த திசையைக் குறிவைத்துத் தண்ணீரை அடித்தேன். புகைக்குள் ஒன்றும் தெரியவில்லை. வால்வுச் சக்கரம் சுற்றும் கிறீச்சிடல் மட்டும் கேட்டது. அது நின்றது. பிறகு சுவரைத் தடவிக்கொண்டே அவர் வந்தார். கண்கள் இறுக மூடியிருந்தன.

"மூடிட்டேன்" என்றார். அதோடு மண்டியிட்டு விழுந்தார்.

அவர் கண்களைத் திறந்துபிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம். அவர் அலறினார். நாங்கள் நிறுத்தவில்லை. பால் வண்டியிலேயே படுக்கவைத்துப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகும் வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போனோம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். இரண்டு கண்களிலும் கட்டு. குரல் கரகரத்துப் போயிருந்தது. என் குரலைக் கேட்டதும் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்த பிறகுதான் மேனேஜர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் பேசாமல் நின்றார். மைதீன் பாய்க்கு அவர் வந்தது தெரியாது.

"ஐஸ் ஏறுனத நான் பாத்தேன் அண்ணாச்சி" என்றார். "சத்தமும் மாறிச்சு. பேனல்ல நார்மல்னு காட்டுது. எது நெசம்னு தெரியல."

அவரே சொன்னார்.

"நிறுத்தத்தான் கை போச்சு. உங்கள கேன் மேடையில நிக்க விட்டாங்கல்லா, அது கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. நிறுத்திப் பாத்து, ஒண்ணுமில்லன்னு ஆயிட்டா? எனக்கு மூணும் சின்னப் பிள்ளைய. அதான் போனப் போட்டேன். அடிக்கும் அடிக்கும்னு நின்னுட்டேன்."

நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தம் கேட்காமல் வெளியே போய்விட்டார். அவர் அங்கே நின்றதை மைதீன் பாயிடம் நான் சொல்லவில்லை.

ஆலைக்குத் திரும்பி, கலத்தின் மிதவை அறையைத் திறந்து பார்த்தேன். கம்ப்ரசரிலிருந்து சிறிது சிறிதாக வந்த எண்ணெய் அங்கே தங்கி, குளிரில் தார் போல இறுகியிருந்தது. மிதவை அதில் சிக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. அசைய முடிந்த கடைசி நாளின் அளவையே அது பேனலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வந்தார். முதலாளி அறையில் முதலாளி, மேனேஜர், கோமதி மேடம், நான். ஆய்வாளர் வருவதற்கு முன்பே முதலாளி எங்களிடம் தன் எண்ணத்தைச் சொல்லியிருந்தார். ஐஸ் ஏறுவதைப் பார்த்தும் ஆபரேட்டர் இயந்திரத்தை நிறுத்தவில்லை, கவனக்குறைவு. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படி எழுதினால் மைதீன் பாய்க்கு வேலையும் போகும், மருத்துவத்துக்கும் கை விரித்துவிடுவார்கள்.

உடைந்த தலைப்பகுதியையும் மிதவையையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த ஆய்வாளர் கேட்டார்: "மிதவை வேலை செய்யலை, சரி. ஆபரேட்டர் ஏன் நிறுத்தலை?"

நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் மேனேஜர் எழுந்து நின்றார்.

"நிறுத்தக்கூடாதுன்னு நான் நோட்டீஸ் போட்டிருந்தேன் சார். இன்னும் போர்டுலதான் இருக்கு."

முதலாளி, "சங்கரலிங்கம், உக்காரும்" என்றார்.

அவர் உட்காரவில்லை. "பொங்கலுக்கு முந்தின நாள் இவரு ஓட்டத்த நிறுத்துனாரு. பாலு நல்லா இருந்துச்சு. அதுக்காவ இவரக் கேன் மேடையில நிக்க வச்சேன். வேற எடத்துலயும் வச்சிருக்கலாம். எல்லாரும் பாக்கணும்னுதான் அங்கன வச்சேன். மைதீனும் பாத்திருக்கான். அவன் மேல தப்பு எழுதாதீங்க சார்."

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோமதி மேடம் குனிந்து புடவைத் தலைப்பை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார்.

மைதீன் பாய் மேல் தப்பு எழுதப்படவில்லை. வேலை போகவில்லை. சிகிச்சைச் செலவை ஆலை ஏற்றுக்கொண்டது. ஒரு கண் தேறிவிட்டது. மற்றொன்றில் நிரந்தரமாக ஒரு மங்கல் தங்கிவிட்டது. மேனேஜரை முதலாளி வெகு சீக்கிரமே மாற்றிவிட்டார். ஒரு கிராமத்துப் பால் சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். கேன் கழுவி மேலே வந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

போகிற அன்று என்னைத் தேடி வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"பொங்கலப்ப நீரு செஞ்சது தப்புதான்வே. நான் இன்னமும் அதத்தான் சொல்லுவேன்" என்றார். "ஆனா அந்த மேடையில நான் உம்ம நிக்க விட்டிருக்கக் கூடாது. வாரேன்."

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

உங்களில் பலர் சில ஆண்டுகளில் மேற்பார்வையாளர் ஆவீர்கள். கருவிகளைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்வது கடினமில்லை. மிதவையை மாதாமாதம் திறந்து கழுவலாம், முகமூடியை வெளியே மாட்டலாம். நாங்களும் பிறகு அதையெல்லாம் செய்தோம். ஆனால் ஒரு ஆபரேட்டர் ஓடும் இயந்திரத்துக்கு முன்னால் தனியாக நின்று சந்தேகப்படும்போது, அவர் மனதுக்குள் இன்னொரு பேனல் இருக்கிறது. முன்பு ஒருவர் நிறுத்தியபோது அவருக்கு என்ன நடந்தது என்பது அதில் காட்டும். அதில் தெரியும் எண்ணை எழுதுவது நீங்கள்தான். தவறாக நிறுத்தியவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதை ஆலை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு மைதீன் பாய் வேலைக்குத் திரும்பினார். புதுக் கம்ப்ரசர், புது மேனேஜர். அந்த மேனேஜர் தூத்துக்குடி பக்கத்திலிருந்து வந்தவர், எங்கள் யாரையும் முன்பின் தெரியாது. மைதீன் பாய் திரும்பிய வாரமே ஒரு காலை நேரத்தில், பால் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, குளிர்சாதனம் நின்றுவிட்டது. நான் அம்மோனியா அறைக்கு ஓடினேன். கோமதி மேடமும் வந்தார். புது மேனேஜரும் வந்தார். மைதீன் பாய் பொத்தானுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் நிறுத்துனேன்" என்றார். "ஒரு சத்தம் கேட்டுச்சு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கம்ப்ரசரைச் சுற்றிவந்தேன். பெல்ட்டின் மேல் மூடியிருக்கும் தகரத்தில் ஒரு போல்ட் தளர்ந்து தகரம் அதிர்ந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை. போல்ட்டை முறுக்கினேன். "ஒண்ணுமில்ல, தகரம்தான்" என்றேன்.

மேனேஜர், "சரி பாய், ஓட விடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். கோமதி மேடம் ஆய்வகத்துக்குப் போனார். மைதீன் பாய் மட்டும் அசையாமல் நின்று, வேறு யாராவது ஏதாவது சொல்வார்கள் என்பது போலக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. பிறகு அவர் கையை நீட்டிக் கம்ப்ரசரை ஓட்டும் பொத்தானை அழுத்தினார்.